கேட்கப்படாதவர் யார்? ஓசூர் எல்லையில் சந்தை ஆய்வு



சந்தை ஆய்வின் அடிப்படைகளும் முறைகளும் என்று எனக்குத் தலைப்பு கொடுத்திருக்கிறீர்கள். பாடநூல்கள் இதை அத்தியாயம் அத்தியாயமாகப் பிரித்துச் சொல்லும். மாணவர்கள் தேர்வுக்குப் படித்திருப்பீர்கள். அதே அடிப்படைகளை, அத்திப்பள்ளி எல்லையில் தொடங்கி ஓசூர், சூளகிரி, கிருஷ்ணகிரி, போச்சம்பள்ளி வரை நீளும் இந்த மண்ணில் வைத்துப் பேச விரும்புகிறேன். இந்தியா முழுவதும் விற்கும் கைக்கடிகாரமும் நகையும் லாரியும் இருசக்கர வண்டியும் மின்ஸ்கூட்டரும் இங்கே உருவாகின்றன. யாருக்கு எது வேண்டும் என்ற கேள்விக்குச் சரியாகச் சொன்ன விடைகளும் தவறாகச் சொன்ன விடைகளும் இந்த ஆலைகளின் வரலாற்றில் கிடக்கின்றன. என் பேச்சு முழுவதும் ஒரே கேள்வியைத்தான் சுற்றி வரும்: ஆய்வு செய்தவர் யாரைக் கேட்காமல் விட்டார்?

ஆய்வு எதற்கு என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். ஒரு முடிவை எடுக்க வேண்டியவர், அந்த முடிவுக்குத் தேவையான அளவுக்கு, முறையாகக் கேட்டும் பார்த்தும் எண்ணியும் தெரிந்துகொள்வதே சந்தை ஆய்வு. பாகலூர் சாலையில் பேக்கரி வைத்திருக்கும் ஒருவர் விடியற்காலை ஐந்து மணிக்கே கடையைத் திறக்கலாமா என்று யோசிக்கிறார் என்று வையுங்கள். இரவு ஷிப்டு முடிந்து அந்த வழியாக வருபவர்கள் எத்தனை பேர், அவர்கள் நின்று டீ குடிப்பார்களா, வீட்டுக்கு ஏதாவது பொட்டலம் கட்டச் சொல்வார்களா என்று தெரிந்தால் அவருக்குப் போதும். வயது, படிப்பு, பிடித்த நடிகர் என்று நாற்பது கேள்விகள் கொண்ட தாள் அவருக்கு வேண்டியதில்லை. விடை எதுவாக வந்தாலும் ஐந்து மணிக்குத் திறக்கத்தான் போகிறார் என்றால் ஆய்வே வேண்டாம். அந்தப் பணத்தில் இன்னொரு அடுப்பு வாங்கலாம். எந்த விடை வந்தால் என்ன செய்வேன் என்று முன்கூட்டியே எழுதிவைக்காத ஆய்வு அலமாரிக்குத்தான் போகும்.

காரணம் பிடிபடாதபோது துழாவிப் பார்க்கும் ஆய்வு ஒரு வகை. அளவு தெரிய வேண்டும் என்றால் எண்ணி விவரிக்கும் ஆய்வு. ஒன்றை மாற்றினால் மற்றொன்று மாறுமா என்று செய்து பார்ப்பது சோதனை ஆய்வு. பேக்கரிக்காரர் நாலைந்து பேரிடம் பேசிப் பார்ப்பது முதலாவது. சாலையோரம் நின்று ஆட்களை எண்ணுவது இரண்டாவது. இரண்டு வாரம் ஐந்து மணிக்குத் திறந்து கல்லாவைப் பார்ப்பது மூன்றாவது. சின்னக் கடைக்கு மூன்றாவதுதான் மலிவு. பெரிய ஆலைக்கு அதுதான் மிகச் செலவானது. ஆகவேதான் ஆலைகள் முதலிரண்டில் இவ்வளவு கவனம் செலுத்த வேண்டியிருக்கிறது.

இப்போது தனிஷ்க்கின் கதைக்கு வருகிறேன். இதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் சேர்ந்து 1984இல் டைட்டன் நிறுவனத்தைத் தொடங்கின. கடிகார ஆலை ஓசூரில் எழுந்தது. எச்.எம்.டி. கடிகாரங்கள் கோலோச்சிய சந்தையில், செர்க்செஸ் தேசாய் தலைமையில், குவார்ட்ஸ் கடிகாரத்தை அழகுப் பொருளாக முன்வைத்து டைட்டன் வென்றது. அந்தத் தெம்போடு 1990களின் நடுவில் தனிஷ்க் என்ற பெயரில் நகைத் தொழிலில் இறங்கியது. தனிஷ்க் முதலில் கொண்டுவந்தவை 18 காரட் தங்கத்தில் கல் பதித்த, ஐரோப்பியச் சாயல் கொண்ட நகைகள். கல்லைப் பிடித்து நிறுத்த 18 காரட் உறுதியானது. பொறியாளர் கண்ணுக்கு அது சரியான தெரிவு. நம் வீட்டுப் பெண்கள் கடைக்கு வந்து பார்த்தார்கள், விலையைக் கேட்டார்கள், போய்விட்டார்கள். தங்கம் அவர்களுக்கு அணிகலன் மட்டுமா? மகள் கல்யாணம், மருத்துவச் செலவு, அடகுக் கடை, அவசரத்துக்கு விற்பனை என்று எல்லாவற்றையும் அவர்கள் மனத்தில் கணக்குப் போட்டுத்தான் வாங்குகிறார்கள். அந்தக் கணக்கில் 22 காரட் மட்டுமே செல்லும். தனிஷ்க் பல ஆண்டுகள் நட்டத்தில் நடந்தது. பிறகு 22 காரட்டுக்கு வந்தது.

இதிலிருந்து 'வாடிக்கையாளரைக் கேளுங்கள்' என்ற பாடத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் பாதிதான் கற்றோம். மீதிப் பாதி காரட்மீட்டரில் இருக்கிறது. 1990களின் இறுதியில் தனிஷ்க் தன் கடைகளில், நகையை உருக்காமல், உரசாமல், எக்ஸ்ரே கதிரைக் கொண்டு சில நிமிடங்களில் தூய்மையைச் சொல்லும் இந்தக் கருவியை வைத்தது. யார் கடையில் வாங்கிய நகையையும் கொண்டுவந்து பார்க்கலாம். 22 காரட் என்று நம்பி வாங்கிய பல நகைகள் அதற்குக் கீழே இருப்பது தெரியவந்தது. 19 காரட்டுக்குக் குறையாத பழைய நகையைக் கொடுத்து, கூலி மட்டும் செலுத்தி, அதே எடையில் 22 காரட் நகை பெறலாம் என்ற திட்டமும் பின்னால் வந்தது.

இதை ஆய்வாளர் கண்ணால் பாருங்கள். கருவி வருவதற்கு முன் ஒருவர் கேள்வித்தாளோடு வீடு வீடாகப் போய், 'உங்கள் நகைக்கடைக்காரர் மீது நம்பிக்கை உண்டா?' என்று கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும்? பாட்டி காலத்திலிருந்து ஒரே ஆசாரி, ஒரே செட்டியார் கடை. உண்டு என்றுதான் வந்திருக்கும். அந்த அறிக்கை பொய்யாகாது. மக்கள் தாம் நம்புவதைச் சொல்லியிருப்பார்கள். ஆனால் அவர்கள் நம்புவதும் கையில் கிடக்கும் வளையலும் வேறு வேறு. மக்கள் சொல்வதை அளக்கும் கருவி கேள்வித்தாள். பொருளை அளக்க வேறு கருவி வேண்டும். இரண்டையும் அருகருகே வைத்தபோதுதான் சந்தையின் உண்மை வெளிப்பட்டது. தங்கத்துக்கு ஹால்மார்க் முத்திரையை இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2000இல் கொண்டுவந்தது. 2021 ஜூனில்தான் அது பல மாவட்டங்களில் கட்டாயமானது. ஒரு நகைக்கடை வைத்த கருவி அதற்கு எத்தனையோ ஆண்டுகள் முன்பே வாங்குபவர் கையில் ஓர் அளவுகோலைக் கொடுத்துவிட்டது.

கேட்காமல் பார்த்து அறிவதும் ஒரு முறைதான். இதே ஓசூரில் 1980இல் டி.வி.எஸ். 50 வந்தது. இரண்டு பேர் போகக்கூடிய மொபெட். குடும்ப வண்டியாக வந்ததை ஜனங்கள் தொழில் வண்டியாக்கிவிட்டார்கள். இராயக்கோட்டைச் சாலையில் விடியற்காலை நின்று பாருங்கள்: பால் கேன், பூக்கூடை, தக்காளிப் பெட்டி, துணி மூட்டை, கேஸ் சிலிண்டர். 'மொபெட் வாங்குவீர்களா?' என்று நகரத்து இளைஞரைக் கேட்டால் சிரிப்பார். மற்ற நிறுவனங்கள் மொபெட்டைக் கைவிட்ட பின்னும் டி.வி.எஸ். விடவில்லை; 2015இல் நான்கு ஸ்ட்ரோக் என்ஜினோடு எக்ஸ்.எல். 100 வந்தது. சாலையில் வண்டியின் பின்னால் என்ன கட்டியிருக்கிறது என்று பார்த்தவருக்குத்தான் அந்த முடிவின் நியாயம் புரியும்.

1990களில் அதே நிறுவனம் கொண்டுவந்த ஸ்கூட்டியும் அப்படியே. பெண்கள் ஓட்டும் வண்டியாக அது நிலைபெற்றபோது, விற்பனையோடு நிற்காமல், பெண்களுக்கு ஓட்டக் கற்றுத்தரும் முகாம்களையும் நிறுவனம் நடத்தியது. வண்டி ஓட்டுபவர்களை மட்டும் ஆராய்ந்தால் அந்த யோசனை வராது. ஓட்டாதவரைத் தேடிப் போய், ஏன் ஓட்டவில்லை என்று கேட்டால்தான் வரும். வாங்காதவர், விட்டுப் போனவர், கடை வரை வந்து திரும்பியவர் ஆகிய இந்த மூவரிடமும் பேசாத ஆய்வு எனக்கு ஆய்வாகப் படவில்லை.

இனி மாதிரி எடுப்பது. இங்குதான் நம் ஊர் ஆய்வாளரைத் திணற வைக்கிறது.

1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் என்ற இதழ் ஏறத்தாழ ஒரு கோடி அஞ்சல் வாக்குச்சீட்டுகளை அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. ரூஸ்வெல்ட்டை எதிர்த்த லாண்டன் வெல்வார் என்று இதழ் அறிவித்தது. 48 மாநிலங்களில் 46இல் ரூஸ்வெல்ட் வென்றார். அதைவிட மிகச் சிறிய மாதிரியை வைத்துக் கருத்துக்கணிப்பாளர் ஜார்ஜ் காலப் ரூஸ்வெல்ட்தான் என்று சொல்லியிருந்தார். இதழ் பயன்படுத்திய பட்டியல்களில் தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்கள் நிறைந்திருந்தனர்; சீட்டை நிரப்பித் திருப்பி அனுப்பும் ஆர்வம் உள்ளவர்களும் ஒரு பக்கமே சாய்ந்திருந்தனர். எண்ணிக்கை பெரிது என்பதால் மாதிரி சரியாகிவிடாது. தற்செயல் முறையில் எடுத்த 400 பேர் ஏறக்குறைய ஐந்து விழுக்காட்டுப் புள்ளி முன்பின் என்ற அளவில் உண்மையைக் காட்டுவர். அந்தப் பிழையைப் பாதியாக்க 1,600 பேர் வேண்டும். ஓசூருக்கும் இதே கணக்குதான், தமிழ்நாடு முழுமைக்கும் இதே கணக்குதான். வாட்ஸாப் குழுவில் கூகுள் படிவத்தைச் சுற்றவிட்டு 5,000 விடை வாங்கினேன் என்று ஒரு மாணவர் பெருமைப்பட்டால், அந்த 400க்கு முன் இந்த 5,000 நிற்காது என்று அன்போடு சொல்ல வேண்டியது ஆசிரியரின் கடமை.

தற்செயல் முறை என்றால் ஒவ்வொருவருக்கும் பட்டியலில் இடம் இருக்க வேண்டும். ஓசூரில் பட்டியல் எது? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது இது நகராட்சி; 2019இல் மாநகராட்சியானது. பின்னர் மின்ஸ்கூட்டர் செய்யும் ஏத்தர் ஓசூருக்கு வந்தது. ஓலா போச்சம்பள்ளியில் ஆலை கட்டியது. டாடா எலக்ட்ரானிக்ஸ் இராயக்கோட்டைப் பக்கம் வளர்ந்தது. பழைய வட்டாரப் பட்டியலைப் பிடித்துக்கொண்டு போனால் புதிய குடியிருப்புகள் கண்ணில் படமாட்டா. வாக்காளர் பட்டியலை எடுத்தால் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் என்று வந்து தங்கி வேலை செய்பவர்கள் அதில் இருக்கமாட்டார்கள். விடுதிகளில் தங்கிய இளம்பெண்களை எந்த வீட்டுப் பட்டியலும் காட்டாது. களப்பணியாளர் காலை பத்து மணிக்குக் கதவைத் தட்டினால், பகல் ஷிப்டுக்காரர் ஆலையில் இருப்பார், இரவு ஷிப்டுக்காரர் தூங்கிக்கொண்டிருப்பார். கதவைத் திறப்பவர் சொல்வதே ஓசூரின் கருத்தாகிவிடும். வீட்டில் இருப்பவர்களில் யாரைக் கேட்பது என்பதைத் தற்செயலாய்த் தீர்மானிக்கப் புள்ளியியலாளர் லெஸ்லி கிஷ் 1949இல் ஓர் அட்டவணை தந்தார், இன்றும் பயன்படுகிறது. அந்த அட்டவணை சொல்லும் ஆளைப் பிடிக்க மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் திரும்பத் திரும்பப் போக வேண்டும். அதற்குக் கூலி கொடுக்க வேண்டும். நிரப்பிய தாளுக்கு இவ்வளவு என்று சொற்பக் கூலி கொடுத்துவிட்டு, களப்பணியாளர் மரத்தடியில் உட்கார்ந்து தாமே நிரப்புகிறார் என்று குறைப்படுவது நியாயமில்லை.

மொழியும் சேர்ந்துகொள்கிறது. தளி, பாகலூர்ப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழி. கிருஷ்ணகிரி நகரில் உருது பேசும் குடும்பங்கள் நிறைய. தமிழில் கேட்டால் தமிழில் பதில் சொல்வார்கள், மரியாதைக்காக. அந்தப் பதில் சுருங்கிவிடும். எவ்வளவு சுருங்குகிறது என்று பார்க்கப் பழைய முறை ஒன்று உண்டு. புள்ளியியலாளர் பி.சி. மகலனோபிஸ் வங்காளத்தின் சணல் பயிர் அளவைக்கு 1937 முதல் மாதிரி முறையைப் பெரிய அளவில் பயன்படுத்தியவர். 1950இல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வுக்கும் அவரே அடித்தளம் இட்டார். ஒரே பகுதியில் இரண்டு தனித்தனி மாதிரிகளை இரண்டு தனித்தனிக் குழுக்களைக் கொண்டு எடுக்கும் முறையை அவர் வகுத்தார். இரண்டு குழுவின் விடையும் வெகுவாக வேறுபட்டால் பிழை மக்களிடம் இல்லை, எடுத்தவரிடம் இருக்கிறது என்று பிடிபடும். தேன்கனிக்கோட்டை வட்டத்தில் ஒரு குழுவைத் தமிழிலும் இன்னொரு குழுவை வீட்டுமொழியிலும் கேட்கவிட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். பல நிறுவனங்கள் காசு கொட்டிச் செய்த ஆய்வுகளில் இல்லாத வெளிச்சம் அதில் கிடைக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

மக்களை வகைப்படுத்தும் அளவுகோலையும் இங்கே தட்டிப் பார்க்க வேண்டும். 2011இல் வந்த நுகர்வோர் வகைப்பாட்டு முறை, வருமானத்தைக் கேட்காமல், குடும்பத்தின் முதன்மைச் சம்பாத்தியக்காரரின் படிப்பையும், பதினொரு உடைமைகளில் வீட்டில் எத்தனை உண்டு என்பதையும் வைத்து வீடுகளைப் பன்னிரண்டு படிகளாகப் பிரித்தது. மின்விசிறி, ஃபிரிட்ஜ், இருசக்கர வண்டி, கார் இவற்றோடு விளைநிலமும் அந்தப் பட்டியலில் உண்டு. வருமானத்தை யாரும் உண்மையாய்ச் சொல்லமாட்டார்கள் என்பதால் இது கெட்டிக்கார ஏற்பாடு. ஆனால் சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் ஓர் அறையில் நால்வராய்த் தங்கியிருக்கும் தொழிலாளியை இந்த ஏணியில் எங்கே நிறுத்துவது? அறையில் ஃபிரிட்ஜ் இல்லை, வாஷிங் மெஷின் இல்லை, கீழ்ப்படிக்குப் போய்விடுவார். அவர் மாதாமாதம் அனுப்பும் பணத்தில் ஊரில் ஒரு வீடு மேல்படிக்கு ஏறிக்கொண்டிருக்கும். நல்ல செருப்பு, கைபேசி, பின்னர் ஒரு வண்டி என்று அவர் வாங்கப்போகும் பொருள்கள் எந்த ஊர்க் கணக்கிலும் சரியாக விழுவதில்லை.

எல்லையின் கதையும் இதுதான். ஓசூரில் குடியிருந்து எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்ப்பவர் சனிக்கிழமை பெங்களூரில் துணி எடுக்கிறார், மளிகை ஓசூரில், வண்டியில் கர்நாடகத்தின் கே.ஏ. பதிவெண். நிறுவனங்களின் விற்பனை வரைபடத்தில் தமிழ்நாடு சென்னை அலுவலகத்துக்கு, கர்நாடகம் பெங்களூரு அலுவலகத்துக்கு. இரண்டு அறிக்கையிலும் இந்தக் குடும்பம் பாதி பாதியாகத்தான் தெரியும். மாநில எல்லையைச் சந்தையின் எல்லையாக வைத்துக்கொள்வது அலுவலகத்துக்கு வசதி. வாங்குபவர் ஜூஜூவாடி சோதனைச் சாவடியைத் தாண்டும்போது வேறு ஆளாகிவிடுவதில்லை.

ஆசையையும் வாங்குதலையும் பிரித்து அளப்பது பற்றி ஒரு சொல். 2021 ஜூலையில் ஓலா தன் மின்ஸ்கூட்டருக்கு 499 ரூபாய் முன்பதிவைத் திறந்தபோது, முதல் 24 மணி நேரத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிந்ததாக அறிவித்தது. திரும்பப் பெறக்கூடிய தொகை அது. அந்த எண்ணிக்கை ஆர்வத்தின் அளவு. அதற்கு மேல் அதிலிருந்து படிக்கக்கூடாது. வாங்கியவர் எத்தனை பேர் என்பதைப் போக்குவரத்துத் துறையின் வாகன் பதிவுத் தளம் மாதந்தோறும் சொல்கிறது. காசில்லாமல் கிடைக்கும் இரண்டாம் நிலைத் தரவுகளில் அதைப் போல் பயனுள்ளது குறைவு. ஓசூர் டி.என். 70, கிருஷ்ணகிரி டி.என். 24 என்று அலுவலகவாரியாகவே பார்க்கலாம். அதிலும் ஓட்டை உண்டு: பல ஆண்டுகள் தெலங்கானா அந்தத் தளத்தில் சேராமல் இருந்தது. யார் சேகரித்தார், எதற்காக, எவரை விட்டுவிட்டு என்ற மூன்றையும் எந்தத் தரவிடமும் கேளுங்கள்.

ஆலைகளுக்கு உதிரிப் பாகம் செய்யும் சிறுதொழில் நண்பர்களுக்கு: உங்களுக்கு மூன்று வாடிக்கையாளர்கள்தான், மூன்றும் பெரிய ஆலைகள். உங்களுக்கு மாதிரியும் வேண்டாம், விழுக்காடும் வேண்டாம். மூன்று ஆலைகளிலும் உள்ளே போய்ப் பேச வேண்டும். கொள்முதல் அதிகாரியோடு நின்றுவிடாதீர்கள். அவர் விலையைத்தான் பேசுவார். உங்கள் பாகத்தைப் பூட்டும் தொழிலாளி, தரம் பார்ப்பவர், வண்டி பழுதானால் கழற்றிப் பார்க்கும் மெக்கானிக் ஆகியோர் பேசினால் வேறு செய்தி வரும். பெட்ரோல் என்ஜினுக்குப் பாகம் செய்துகொண்டிருப்பவருக்கு, மின்வண்டியில் தன் பாகத்துக்கு இடமே இல்லை என்ற செய்தி ஆர்டர் நின்ற பிறகு வருவதைவிட, வரைபடம் போடும் காலத்தில் தெரிவது நல்லது. ஹோஸ்டியா போன்ற சிறுதொழில் சங்கங்கள் இப்படிப்பட்ட கேள்விகளைக் கூட்டாகக் கேட்க முன்வர வேண்டும். தனித்தனியாகக் கேட்டால் கதவு திறக்காது.

ஒழுங்கு பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆய்வு என்று சொல்லிக் கைபேசி எண்ணை வாங்கிக்கொண்டு, மறுநாள் கடன் அட்டை விற்பது மோசடி. 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. சட்டம் வராவிட்டாலும், நம் வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தவரின் எண்ணை விற்கக்கூடாது.

கடைசியாக, எனக்கு நெருக்கமான ஒன்று. தமிழ்நாட்டில் மா விளைச்சலில் முன்னிற்கும் மாவட்டம் கிருஷ்ணகிரி. இங்கு விளையும் தோத்தாபுரியை, நாம் பெங்களூரா என்று சொல்லும் காயை, பெரும்பகுதி கூழ் ஆலைகளே வாங்குகின்றன. கூழ் வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் குளிர்பான நிறுவனங்களுக்கும் போகிறது. 2025 ஜூனில் விலை சரிந்தபோது, ஆந்திராவின் சித்தூர் மாவட்ட நிர்வாகம் பிற மாநிலத் தோத்தாபுரி உள்ளே வரத் தடை விதித்தது. கர்நாடக முதல்வர் ஆந்திர முதல்வருக்குக் கடிதம் எழுதினார். மூன்று மாநிலங்கள் சந்திக்கும் இந்த மூலையில் ஒரு காய்க்கு எல்லை போடப்பட்டது. அந்த நேரத்தில் தோட்டக்காரருக்குத் தெரிந்தது ஆலை வாசலில் சொல்லப்பட்ட விலை ஒன்றுதான். ஆலைகளில் சென்ற ஆண்டுக் கூழ் எவ்வளவு மிச்சம் இருக்கிறது, வாங்குபவர் எவ்வளவு கேட்டிருக்கிறார் என்பது அவருக்குத் தெரியாது. பணம் கொடுத்து ஆய்வு வாங்கக்கூடியவரிடம் அந்தச் செய்தி இருக்கிறது. மரத்தை வளர்த்தவரிடம் இல்லை. சந்தையில் மிகவும் தெரிந்துகொள்ள வேண்டியவரை, எந்தச் சந்தை ஆய்வும் தனக்கான வாசகராக நினைத்துப் பார்த்ததில்லை.

மாணவர்களே, இதை நீங்கள் மாற்ற முடியும். மே மாதம் அறுவடை தொடங்குவதற்கு முன், கிருஷ்ணகிரி, பர்கூர், போச்சம்பள்ளிக் கூழ் ஆலைகளுக்குப் போய், கையிருப்பையும் வாங்கவிருக்கும் அளவையும் கேளுங்கள். எல்லா ஆலையும் சொல்லாது. சொல்லும் ஆலைகளின் மொத்தத்தை, எந்த ஆலையின் பெயரையும் தனியே காட்டாமல், போடுங்கள். சொல்லாதவை எத்தனை என்பதையும் அதே பக்கத்தில் போடுங்கள். சென்ற ஆண்டு விற்ற தோட்டக்காரர்களையும் விற்க முடியாமல் காயைக் கொட்டியவர்களையும் தற்செயல் முறையில் தேர்ந்தெடுத்து, அவரவர் வீட்டுமொழியில் கேளுங்கள். இரண்டு பக்க அறிக்கை போதும். தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் அச்சிட்டு, மண்டிகளிலும் ஊராட்சி அலுவலகங்களிலும் ஒட்டுங்கள். ஒவ்வோர் ஆண்டும் செய்யுங்கள். பேராசிரியர்கள் இதைத் திட்டப்பணியாக ஏற்று மதிப்பெண் தர வேண்டும் என்றும், இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளை அச்சுச் செலவையும் களப்பணிக் கூலியையும் ஏற்க வேண்டும் என்றும் இந்த மேடையிலிருந்தே கேட்டுக்கொள்கிறேன்.